கார்த்திகை மேகமும் மலைமுகடும்: தென்தமிழக மலை விமான விபத்துகள் பற்றி ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு மலைகளில் மோதி நொறுங்கிய வான்கலங்களின் வரலாற்றைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், அவற்றுள் நன்கு அறியப்பட்ட மூன்று விபத்துகள் ஆண்டின் ஒரே பருவத்தில் நேர்ந்திருப்பது தெரியவரும். கோத்தகிரி அருகே ஏர் இந்தியா டகோட்டா விமானம் மோதியது 1950 டிசம்பர் 13. சின்னமனூர் அருகே இந்தியன் ஏர்லைன்சின் ஆவ்ரோ விமானம் மோதியது 1971 டிசம்பர் 9. குன்னூர் அருகே இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர் விழுந்தது 2021 டிசம்பர் 8. கடலுக்கு அப்பால் இலங்கை மலையகத்தில் மார்ட்டின்ஏர் நிறுவனத்தின் விமானம் மோதிய 1974 டிசம்பர் 4-ஐயும் சேர்த்துக்கொண்டால், நான்கு நாள்களும் கார்த்திகை மாதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நான்கு நிகழ்வுகளைக் கொண்டு புள்ளியியல் விதி எதையும் நிறுவிவிட முடியாது. ஆயினும், தமிழர் பருவப் பகுப்பில் கூதிர் எனப்படும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இம்மலைகளின் மேல் வானம் எப்படி இருக்கிறது என்பதையும், அந்த வானத்துக்குள் நுழையும் விமானிக்குத் தன் இடமும் உயரமும் எவ்வழியில் தெரியவருகின்றன என்பதையும் சேர்த்து ஆராய இந்த ஒற்றுமை போதிய காரணமாகும்.

இவற்றுள் விருதுநகர் மாவட்டத்துக்கு மிக அருகில் நேர்ந்ததும் சிறிய உள்நாட்டுப் பயணிகள் விமானம் சிக்கியதும் 1971-ஆம் ஆண்டு விபத்தே ஆதலால், இக்கட்டுரை அதையே மையமாகக் கொள்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த அந்த விமானம் ஹாக்கர் சிட்லி 748 வகையைச் சேர்ந்தது. மக்கள் வழக்கில் ஆவ்ரோ. பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டு, கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தால் உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட இவ்வகை, டர்பைனின் சுழற்சியால் முன்விசிறியை இயக்கும் டர்போபுராப் எஞ்சின்கள் இரண்டைக் கொண்டது. நாற்பது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு சிறு நகரங்களுக்கு இடையே பறப்பதற்கென்றே உருவானது. அன்று விமானத்தில் இருந்தவர்கள் 31 பேர். மதுரையை நோக்கி உயரத்தைக் குறைத்து இறங்கிக்கொண்டிருந்தபோது, பகல் வெளிச்சம் இருந்தும் தெளிவாகப் பார்க்க முடியாத வானிலையில், அன்றைய மதுரை மாவட்டத்தில் சின்னமனூரை ஒட்டிய மேகமலைத் தொடரில் அது மோதியது. விமானப் பணியாளர் நால்வரும் பயணிகளுள் 17 பேரும் மாண்டனர். பத்துப் பேர் உயிர் பிழைத்தனர். இந்திய-பாகிஸ்தான் போர் தொடங்கி ஏழாவது நாள் அது. அன்றிரவே அரபிக் கடலில் குக்ரி போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. இருபத்தொரு உயிர்களைக் கொண்ட மலை விபத்து அத்தகைய நாளில் நாட்டின் நினைவில் ஆழப் பதியாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் அந்த மறதி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நீடிப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

வரைபடத்தில் திருவனந்தபுரத்தையும் மதுரையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்ப்பது இவ்விபத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள உதவும். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோடு, மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் ஆரியங்காவு, செங்கோட்டைப் பகுதியை ஒட்டி மலையைக் கடந்து, தென்காசிக்கு மேலாகச் சென்று, சங்கரன்கோவில் வட்டாரத்துச் சமவெளியைத் தாண்டி, சிவகாசியை மிக நெருங்கியும் விருதுநகருக்குச் சற்று மேற்காகவும் மதுரையை அடைகிறது. அதாவது தென்காசியைக் கடந்த பின் இக்கோட்டின் கீழே இருப்பது கரிசல் சமவெளி. அங்கே உயரத்தைக் குறைக்கும் விமானத்துக்கு எதிரில் மலை ஏதும் இல்லை. சின்னமனூரோ மதுரைக்கு நேர் மேற்கே, இந்தக் கோட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் விலகிக் கிடக்கிறது. அதற்கும் இக்கோட்டுக்கும் நடுவே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளும் வருசநாட்டு மலைகளும் மேகமலையின் ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டங்களும் எழுந்து நிற்கின்றன. இவற்றின் உயர்ந்த முகடுகள் கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் அளவை எட்டுகின்றன. மதுரை விமான நிலையமோ கடல்மட்டத்திலிருந்து 140 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கால ஆவ்ரோ நிமிடத்துக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் கடக்கும் எனக் கொண்டால், சிவகாசிச் சமவெளிக்கும் மேகமலைக்கும் இடையிலான வேறுபாடு ஏழெட்டு நிமிடப் பறத்தலுக்குள் அடங்கிவிடும். ஒரே உயரத்தில் பறந்தாலும், கிழக்கே இருந்தால் பாதுகாப்பு, மேற்கே இருந்தால் மரணம் என்ற நிலையில், உயரத்தைக் காட்டிலும் இடத்தை அறிவதே முதன்மையான கேள்வியாகிறது.

கண்ணுக்குத் தெரியும் மலையில் எந்த விமானியும் மோதுவதில்லை. ஆகவே அடுத்து ஆராய வேண்டியது மேகம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலும் பின்னர் பட்டாசுத் தொழிலும் வேரூன்ற அங்குள்ள வறண்ட காற்று பெரிதும் துணைநின்றது என்பது பலரும் அறிந்தது. அந்த வறட்சிக்குக் காரணமே மேற்கே நிற்கும் மலைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைக் கேரளச் சரிவுகளில் கொட்டிவிட்டு உலர்ந்தே கிழக்கே இறங்குகிறது. இவ்வாறு மலை மறைத்துவிடும் நிலப்பகுதியை மழைமறைவுப் பகுதி என்பர். ஐப்பசி பிறந்ததும் காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் வடகிழக்குக் காற்று, சமவெளியைக் கடந்து மலையின் கிழக்குச் சரிவில் முட்டி மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க இயலாததால் அது மேகமாகத் திரண்டு முகடுகளை மூடிக்கொள்கிறது. சிவகாசியில் வெயிலடிக்கும் அதே நண்பகலில் வத்திராயிருப்புக்கு மேற்கே சதுரகிரி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பதைக் கார்த்திகையில் அவ்வட்டாரத்தார் எவரும் காணலாம். சமவெளியில் இருக்கும் விமான நிலையம் தன் ஓடுதளத்தின் மேலுள்ள வானிலையை அளந்து, அது நன்றாக இருக்கிறது என உண்மையாகவே அறிவிக்கக்கூடும். அந்த அறிவிப்பு 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள முகட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

குளிர்நாடுகளின் மலை விபத்துகளில் முதன்மையான சில இடர்கள் இங்கே பெரும்பாலும் இல்லை. இறக்கையில் பனிக்கட்டி படிந்து தூக்குவிசை குறைவது அவற்றுள் ஒன்று. தென்தமிழகத்தில் வெப்பம் உறைநிலைக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஆகையால், மலையை ஒட்டிப் பறக்கும் சிறு விமானத்துக்கு இது பெரிய கவலை அன்று. ஈரானில் 2018 பிப்ரவரி 18 அன்று ஆசெமான் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானம் சாக்ரோஸ் மலைத்தொடரின் தேனா மலையில் மோதி 66 பேர் இறந்தது கடும் குளிர்கால வானிலையில். நேபாளத்தில் 2016 பிப்ரவரி 24 அன்று தாரா ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் விமானம் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் செல்லும் வழியில் மோதி 23 பேர் இறந்தது, கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டிய வழியில் மேகத்துக்குள் புகுந்ததால். மேகமலை விபத்து இவ்விரண்டாம் வகையோடுதான் உறவுடையது: பனிக்கட்டி இல்லாவிடினும் பார்வையை அடைக்கும் மேகம் ஒன்றே போதும்.

பார்வை அடைபட்டபின் விமானிக்கு எஞ்சுவன கருவிகள். உயரமானி என்பது வெளியே உள்ள காற்றழுத்தத்தை அளந்து அதை உயரமாக மாற்றிக் காட்டும் கருவி. அது காட்டுவது கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்தையே தவிர, காலடியில் இருக்கும் நிலத்திலிருந்து உள்ள உயரத்தை அன்று. மேலும் அன்றைய காற்றழுத்த அளவைத் தரையிலிருந்து கேட்டுப் பெற்றுக் கருவியில் பொருத்தினால்தான் அது சரியாகக் காட்டும். வங்கக் கடலில் தாழ்வழுத்தம் நிலவும் நாளில் பத்து மில்லிபார் பிசகினாலும் ஏறத்தாழ 300 அடி பிழை நேரும். இடத்தை அறிவதற்கு 1970-களில் சிறு விமான நிலையங்களில் பரவலாக இருந்தது, எல்லாத் திசைகளிலும் ஒரே அலையைப் பரப்பும் வானொலிக் கலங்கரை. விமானத்திலுள்ள முள் அக்கலங்கரையின் திசையைச் சுட்டும். எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்லாது. இடிமின்னல் நேரத்தில் அம்முள் மின்னலை நோக்கித் திரும்புவதும் மலையில் எதிரொலித்த அலையால் தடுமாறுவதும் உண்டு. ஆகவே கடந்துவந்த நேரத்தையும் வேகத்தையும் பெருக்கி, காற்றின் தள்ளலைக் கழித்து, மலை பின்னால் போய்விட்டதா என்று விமானி தானே கணக்கிட வேண்டியிருந்தது. பக்கக் காற்று கணித்ததைவிட வலுவாக இருந்தாலோ, எதிர்ப்பட்ட மழைமேகத்தைச் சுற்றிச் செல்ல வழியை மாற்றினாலோ, கணக்கும் உண்மையும் பிரிந்துவிடும். அப்பிரிவைத் திருத்திக்கொள்ள வேண்டிய தரை, மேகத்தின் கீழே மறைந்திருக்கும்.

இவ்வகை விபத்துக்கு வான்போக்குவரத்துத் துறையில் தனிப் பெயர் உண்டு; தமிழில் அதைக் கட்டுப்பாடு குலையாமலே தரையில் மோதுதல் எனலாம். எஞ்சின் ஓடுகிறது, இறக்கை உறுதியாக இருக்கிறது, விமானி விழித்திருந்து இயக்குகிறார்; இருந்தும் மோதும் கணம் வரை ஆபத்து தெரிவதில்லை. இலங்கையில் 1974-இல் நேர்ந்தது இதன் பெரிய அளவிலான எடுத்துக்காட்டு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக் கொழும்பு வழியாக மக்காவுக்குச் செல்ல வந்த மார்ட்டின்ஏர் டி.சி.-8 விமானம், இரவில், மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தனர். விமான நிலையத்திலிருந்து தாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பிழையாகக் கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணை கண்டது. மேகமலையில் பார்வையை மறைத்தது மேகம், மஸ்கெலியாவில் இருள். மலையைக் கடந்தாயிற்று என்ற நம்பிக்கையைச் சரிபார்க்க வழியில்லாமை இரண்டுக்கும் பொது.

கோத்தகிரி விபத்து இவ்வரிசையில் முந்தையது மட்டுமன்று, சிந்தனைக்கு மிகுந்த இடம் தருவதுமாகும். ரங்கசாமி தூண் எனப்படும் செங்குத்துப் பாறைக்கு அருகே, நீலகிரியின் வடபுறத்தில் மோதிய அந்த டகோட்டாவில் இருந்த 21 பேரும் இறந்தனர். அவர்களுள் கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் இருந்தனர். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுகள் ஆற்ற அவர் வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டடிபட்டுத் திரும்பிய போர் விமானங்களின் எந்தப் பகுதிக்குக் கவசம் இட வேண்டும் என்ற வினாவை ஆராய்ந்தவர் அவர். திரும்பி வந்தவற்றில் துளைகள் நிறைந்த பகுதிகள் அடிபட்டும் தாங்கிய பகுதிகள்; துளையே காணப்படாத பகுதிகளில் அடிபட்டவை திரும்பி வரவில்லை; ஆகவே கவசம் அங்கேதான் தேவை என்பது அந்த ஆய்வின் சாரம். கண்முன் உள்ள தரவை மட்டும் கொண்டு முடிவெடுப்பது எவ்வளவு பெரிய பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இன்றும் அதையே சான்றாகக் காட்டுவர்.

மலை விபத்து ஆய்வில் இந்தச் சிந்தனையைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. இங்கே ஆய்வுக்கு வருபவை திரும்பாத விமானங்கள் மட்டுமே. அதே கார்த்திகையில், அதே மேகத்துக்குள், அதே பிழையான கணக்கோடு இறங்கி, முகட்டைச் சில நூறு அடி இடைவெளியில் தற்செயலாகக் கடந்து நலமாக மதுரையைச் சேர்ந்த விமானங்கள் இருந்திருக்கலாம். அவற்றைப் பற்றி எந்தக் கோப்பும் திறக்கப்பட்டிராது. அவற்றில் இருந்தவர்களுக்கே மயிரிழையில் தப்பியது தெரிந்திராது. நலமாக முடிந்த ஒவ்வொரு பயணமும் அந்த வழி பாதுகாப்பானது என்ற எண்ணத்தை வலுப்படுத்துகிறது. எனவே மோதலை மட்டும் எண்ணும் ஆய்வு எப்போதும் தாமதமான ஆய்வாகவே இருக்கும். மோதாமல் தப்பியவற்றை எண்ணுவதுதான் தடுப்பு. இக்காலத்தில் ஒவ்வொரு பறத்தலின் கருவிப் பதிவுகளையும் எடுத்து, நிலத்தை அளவுக்கு மீறி நெருங்கிய தருணங்களைத் தேடிப் பார்க்கும் முறை விமான நிறுவனங்களில் நடைமுறைக்கு வந்திருப்பது இவ்வகையில் மிகப் பெரிய முன்னேற்றம்.

இன்னொரு முன்னேற்றம் எச்சரிக்கைக் கருவி. அமெரிக்காவில் 1974 டிசம்பர் 1 அன்று, அதாவது மஸ்கெலியா விபத்துக்கு மூன்று நாள் முன்னர், டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் வர்ஜீனியா மலைப்பகுதியில் மோதி 92 பேர் இறந்ததை அடுத்து, நிலநெருக்க எச்சரிக்கைக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் பொருத்துவது அந்நாட்டில் கட்டாயமாயிற்று. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன் உருவாக்கிய அக்கருவி, வானொலி அலையைக் கீழ்நோக்கி அனுப்பி நிலத்தின் நெருக்கத்தை அளந்து, ஏறச்சொல்லிக் குரல் கொடுக்கும். கீழே மட்டும் பார்ப்பது அதன் குறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு முகம்போலத் திடீரென எழும் சரிவில் எச்சரிக்கை ஒலிக்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். கொலம்பியாவின் காலி நகருக்கருகே 1995 டிசம்பர் 20 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் மோதியபோது எச்சரிக்கை ஒலித்தது. விமானம் ஏறவும் தொடங்கியது. இருந்தும் 159 பேர் இறந்தனர். உலக நிலப்பரப்பின் உயர வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, செயற்கைக்கோள் தரும் இடத்தோடு அதைப் பொருத்தி, முன்னால் வரவிருக்கும் மலையைச் சொல்லும் மேம்பட்ட கருவியை உருவாக்கியதும் பேட்மன் குழுவே. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் வெளிவந்த அதன் நில வரைபடங்களை வாங்கி அவர் அதற்குப் பயன்படுத்தினார். பன்னாட்டு விதிகள் 5700 கிலோகிராமுக்கு மேற்பட்ட அல்லது ஒன்பது பயணிகளுக்கு மேல் ஏற்றும் டர்பைன் விமானங்களுக்கு இதைக் கட்டாயமாக்கின. அந்த எல்லைக்குக் கீழே உள்ள மிகச் சிறிய விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நெடுங்காலம் அதே பாதுகாப்பைப் பெறவில்லை. மலைக்கு மிக அருகில் பறப்பவையோ பெரும்பாலும் அவையே.

கருவிகள் இவ்வளவு வளர்ந்த பின்னும், விபத்துக்குக் காரணம் கூறும் மொழி அதே அளவுக்கு வளரவில்லை என்பதைக் குன்னூர் நிகழ்வு காட்டுகிறது. சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரும் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வை இழந்து தரையில் மோத நேர்ந்தது என்று 2022 ஜனவரியில் விமானப்படை அறிவித்தது. எந்திரக் கோளாறும் நாசவேலையும் கவனக்குறைவும் இல்லை என்றது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பாதுகாப்புத் துறை நிலைக்குழு அறிக்கையோ, அதே விபத்தை விமானப் பணியாளரின் மனிதப் பிழை என்ற தலைப்பின்கீழ் அடக்கிவிட்டது. ஒன்று வானத்தைச் சுட்டுகிறது, மற்றொன்று இறந்த மனிதரைச் சுட்டுகிறது. இரண்டுமே பொய்யல்ல, இரண்டுமே அடுத்த பயணத்தைக் காப்பாற்றப் போதுமானவையும் அல்ல. அந்த நேரத்தில் அந்த வழியில் பறப்பது என்ற முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது, பள்ளத்தாக்கின் வானிலையைச் சொல்ல வழியில் எத்தனை நிலையங்கள் இருந்தன, திரும்பிவிடலாம் என்று சொல்லும் உரிமை நடைமுறையில் யாருக்கு இருந்தது என்பன போன்ற வினாக்களுக்கான விடைகளே பயன்படக்கூடியவை.

சிவகாசி வட்டாரத்து வாசகருக்கு இந்தக் குறை புதிதாகத் தோன்றாது. பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்த ஒவ்வொரு முறையும், மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதே காரணம் என்ற வரி மறுநாள் செய்தியில் இடம்பெறுகிறது. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்றும் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்றும் பேரிழப்புகள் நேர்ந்தன. உராய்வு என்பது வேதியியல் அளவில் உண்மை. ஆனால் நான்கு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள் வேலைசெய்வது, அளவுக்கு மீறி மருந்து வைப்பது, உரிமம் பெற்றவர் ஒருவராகவும் ஆலையை உள்குத்தகைக்கு நடத்துபவர் இன்னொருவராகவும் இருப்பது ஆகியவைதான் ஓர் உராய்வை இருபது சாவாக மாற்றுகின்றன. மலை விபத்தில் பனிமூட்டம் வகிக்கும் இடமும் இதுவே. உராய்வையும் மேகத்தையும் ஒழித்துவிட இயலாது. அவை நேரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொண்டு வேலையை அமைப்பது இயலும். விமானத் துறையில் அந்த அமைப்புக்குப் பாதுகாப்புக் கீழெல்லை உயரம் என்று பெயர்: ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மிக உயர்ந்த முகட்டுக்கு மேல் குறைந்தது ஆயிரம் அடி, மலைப்பகுதியாயின் அதைவிடக் கூடுதல் இடைவெளி விட்டு வரையறுக்கப்படும் அந்த உயரத்துக்குக் கீழே, தன் இடம் ஐயமறத் தெரியும்வரை, கருவிவழிப் பறக்கும் விமானம் இறங்கக் கூடாது.

இன்று மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வரும் ஏ.டி.ஆர். விமானங்களில் முன்நோக்கும் எச்சரிக்கைக் கருவி உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து உருவாக்கிய ககன் அமைப்பு, செயற்கைக்கோள் இடமறிதலின் பிழையைத் திருத்தி அனுப்புகிறது. அதைக் கொண்டு 2022 ஏப்ரலில் இராஜஸ்தானின் கிஷன்கரில் ஒரு ஏ.டி.ஆர். தரையிறங்கிக் காட்டியது. விபத்தை விசாரிக்கும் பணியும், விதிகளை இயற்றி நடைமுறைப்படுத்தும் இயக்குநரகத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, 2012 முதல் தனிப் பணியகத்திடம் இருக்கிறது. 1971-இன் ஆவ்ரோவில் இருந்தவர்களுக்கு இவற்றுள் ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. ஆனால் 2017-இல் பறக்கத் தொடங்கிய உடான் திட்டம், சிறு நகரங்களையும் மலையடிவார ஓடுதளங்களையும் மேலும் மேலும் சிறிய விமானங்களால் இணைக்க முற்படுகிறது. விமானம் சிறிதாகும்போது கட்டாயக் கருவிகள் குறைகின்றன, தாழப் பறக்கும் தேவை கூடுகிறது, ஓடுதளத்தில் வானிலை அளக்கும் வசதியும் சுருங்குகிறது. இத்திட்டத்தை வேண்டாமென்று தள்ளுவதற்கு இது காரணமாகாது. பாதுகாப்பை முதலில் கேட்பதற்குக் காரணமாகும்.

அக்கேள்வியை முன்வைப்போர் அரசிடம் கோர வேண்டியவை சில உண்டு. ஒன்பது பயணிகள் என்ற எல்லையைப் பாராமல், பணம் கொடுத்து ஏறும் எவரையும் மலைக்கு மேல் சுமந்துசெல்லும் ஒவ்வொரு வான்கலத்திலும் முன்நோக்கும் நில எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் முகடுகளிலும் நீலகிரிப் பள்ளத்தாக்குகளிலும் மேகத்தின் அடி உயரத்தை அளந்து உடனுக்குடன் அனுப்பும் தானியங்கி நிலையங்கள் வேண்டும். 1950, 1971 விபத்துகளின் விசாரணை ஆவணங்களை முழுமையாக, தமிழ் மொழிபெயர்ப்போடு, எவரும் எளிதில் படிக்கும்படி மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட வேண்டும். மலையில் மாண்டவர்களின் குடும்பத்தாருக்கும் இனி அவ்வழியே பறக்கப்போகிறவர்களுக்கும் அவை உரியவை. அவற்றைக் கேட்டுப் பெறும் முயற்சியை மதுரை, தேனி, விருதுநகர் மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பல்கலைக்கழகங்களும் தொடங்க வேண்டும்.